தீர்மான நோட்டு

குந்துகால் கரையில் நாற்பத்தேழு பேர் உட்கார்ந்திருந்தோம்.
முகத்துக்கு நேரே வெயில்.
பாசி எடுக்க மாதத்தில் பன்னிரண்டே நாளா,
அவரவர் இஷ்டம்போலவா?
பன்னிரண்டு என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள்.
எண்ணியவள் நான்.
பத்தாம் வகுப்பு வரை போனவள் என்பதால்
நோட்டும் பேனாவும் என் மடியில் கிடந்தன.

இருபத்து நாலு கைகள்.
ஒரே ஒரு கை கூடுதல்.
அதனால் கடலுக்கு மாதம் பதினெட்டு நாள் ஓய்வு.
அந்த ஒரு கை இருளாயியுடையது.
விரலில் சுற்றிய துணியோடு
நெற்றிக்கு மேலே நின்றது.
சம்மதமா, கண்கூச்சமா,
தெரியவில்லை.
எண்ணிவிட்டேன்.

நோட்டில் எழுதினேன்: ஏகமனதாக.
அப்படித்தான் எழுத வேண்டுமென்று
சங்கம் தொடங்க வந்த சார்
முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்.
இருபத்து மூன்று பேரின் முணுமுணுப்பு
எந்த வரியிலும் இல்லை.

ஆனாலும் அந்த மணல் எனக்குப் பிடிக்கும்.
ஊர்க்கூட்டத்தில் தலைக்கட்டுக்கு ஒரு வாய்,
அது மீசை வைத்த வாய்.
புருஷன் செத்தவளுக்கு வரி பாதி,
பேச்சு அதுகூட இல்லை.
இங்கே நம்புத்தாய் எழுந்து
ஏஜெண்டின் தராசைப் பற்றி
அவன் அப்பன் பேரும் சேர்த்துத் திட்டினாள்.
அவனிடம் கடன் வாங்கிய எட்டுப் பேர்
மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.
அவன் தள்ளி, பைக்கில் சாய்ந்து
யார் கை எழுகிறது என்று பார்த்தான்.
வெட்டவெளியில் தூக்கிய கைக்கு
மூடி கிடையாது.

பாதிப் பேச்சில் நீர் வற்றியது.
பதினைந்து பேர் கால்தட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.
அடுத்த தீர்மானத்துக்கு ஆள் பத்தவில்லை.

ராமநாதபுரத்துக்கு எல்லாரும் போக முடியாது.
பஸ் காசு, பிள்ளைக்குக் காய்ச்சல், நல்ல நீரோட்டம்.
ரோச்சம்மாவை அனுப்பினோம்.
பன்னிரண்டு நாள்,
அடையாள அட்டை,
தீவுப் பக்கம் போனால் வள்ளத்தைப் பிடிக்கக் கூடாது.
நாற்பத்தேழு வாயையும்
ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தோம்.

கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினாள்.
அட்டை வரும். வள்ளத்தைப் பிடிக்க மாட்டார்கள்.
நாள் மட்டும் பத்து.

"பத்தா? யாரைக் கேட்டு?"

"யாரைக் கேக்க? போன் போட்டேன்,
நாப்பத்தாறு பேரும் தண்ணிக்குள்ள.
எதிர்த்தாப்புல ஆபீசரு வாட்சப் பாக்குறாரு.
குடுத்தனுப்புனதயே சொல்லிக்கிட்டு நின்னா
மூணும் போயிருக்கும்.
சொன்னதச் சொல்ல நான் எதுக்கு?
தபால் போதாதா?"

எங்களிடம் பதில் இல்லை.
அவளுக்கு அங்கே நாற்காலி போட்டார்களாம்,
டீ கொடுத்தார்களாம்.
அதைச் சொல்கையில் அவள் குரலில் ஏறிய ஒன்றை
எல்லாரும் கவனித்தோம்.
அடுத்த தடவையும்
அவளைத்தான் அனுப்பினோம்.

பறிபோன இரண்டு நாள்
சிலருக்குக் கணக்கு.
இருளாயிக்கு அரிசி.

நேற்று வள்ளத்தில் என் பக்கத்தில் இருந்தாள்.
முயல்தீவு தாண்டும்போது கேட்டுவிட்டேன்:
"அன்னைக்குக் கை தூக்குனியே,
வெயிலுக்கா, ஓட்டுக்கா?"

முகக்கண்ணாடியை எச்சில் தொட்டுத் துடைத்தாள்.
"வெயிலுக்குத்தான்.
அதுக்குள்ள நீ எண்ண ஆரம்பிச்சுட்ட.
எறக்குனா உன் கணக்கு தப்பிப்போகும்ல."

சொல்லிவிட்டுக் குதித்துவிட்டாள்.

நோட்டு வீட்டில் ஆணியில் தொங்குகிறது.
ஏகமனதாக என்பதை அடித்துவிடலாம்.
அடிக்க ஒரு தீர்மானம் வேண்டும்,
தீர்மானத்துக்குக் கூட்டம் வேண்டும்,
கூட்டத்துக்கு நீர் ஏறியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.
இந்தத் தடவை எல்லாரும்
வெயிலுக்கு முதுகு காட்டி உட்காருவார்கள்.
எண்ணுகிறவளுக்குத்தான்
கண் கூசும்.