ஆறாவது ஆள்

அதிகாலை நான்கு பத்து.
மேல்வீட்டு ஸர்மீதே எழுந்துவிட்டாள்.
கட்டிலிலிருந்து ஏழெட்டு வைத்தால் ஜன்னல்,
திரும்பி நான்கு வைத்தால் குழாயடி.
வலது குதிகால் கொஞ்சம் கனம்.
இந்த ஊரின் முதல் ட்ராமை ஓட்டுகிறவள்.
போர்வைக்குள் என் சுட்டுவிரல் தானாக மடங்குகிறது:
கூரை மரமாக இருந்தால்
இந்நேரம் துளைத்திருக்கலாம்.

பதினொரு வருஷத்தில் நான் படித்த படிப்பு இது.

லியெபாயாவில் காற்று ஓய்வதே இல்லை.
பதினாறு வயதில் ஹெட்போன் வாங்கியது
காற்றை வெளியே நிறுத்தத்தான்.
உள்ளே வேறோர் ஊர் இருந்தது.
வியாபாரம் நடக்காத சந்தை,
யாரும் குடியேறாத மாடிவீடு.
அங்கே எந்தக் கதவு எப்படிக் கிறீச்சிடும் என்பது
எனக்கு அத்துப்படி.
இங்கே தபால் நிலையம் எந்தத் தெருவில் என்று
போன மாதம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதல் ஒப்பந்தம்: மாதம் நானூறு யூரோ,
ஒரு மௌஸ், மார்பில் சோடா விளம்பரம் போட்ட சட்டை.
துறைமுகக் கிரேனிலிருந்து இறங்கிவந்த அப்பா கேட்டார்:
"உட்கார்ந்தே செய்கிற வேலையா?"
"நீங்களும் உட்கார்ந்துதானே" என்றேன்.

ஐந்து பேரில் முதலில் நுழைகிறவன் நான்.
நுழைந்ததும் செத்துப்போக வேண்டும்.
சாகிற நொடியில் இரண்டே சொல்:
"இடப்பக்கம். ஒருவன்."
அதை வைத்து மற்ற நால்வர் பிழைப்பார்கள்.
ஒரு நாளைக்கு இருநூறு முறை செத்திருக்கிறேன்,
மாதச் சம்பளத்துக்கு.

ஒரே ஒருமுறை முறை தவறியது.
மால்மோ, அரையிறுதி.
நால்வரும் விழுந்தாயிற்று, நான் மிச்சம்.
எதிரே மூவர்.
குண்டு வெடிக்க முப்பத்தொரு வினாடி.
ஒரு பெட்டிக்குப் பின்னால் பதுங்கி
காலடிகளைக் கேட்டேன்.
ஒருவன் அவசரக்காரன்.
ஒருவன் சந்தேகப் பிராணி.
மூன்றாமவன் நின்றுவிட்டான்.
நிற்பதும் ஒரு சத்தம்தான்.

கண்ணாடி அறைக்குள் கூட்டத்தின் கூச்சல் எட்டாது.
தரைதான் அதிரும்.
அந்த அதிர்வை என் உள்ளங்கால்
இன்னும் வைத்திருக்கிறது.
மறுநாள் இறுதியாட்டத்தில் தோற்றோம்;
அது சின்னக் கதை.

இருபத்தேழில் மணிக்கட்டு வீங்கியது.
"என்ன தொழில்?" என்றார் டாக்டர்.
"டைப்பிங்."

பயிற்சியாளர் பேப்பரைப் பார்த்து வாசித்தார்:
நூற்று எண்பத்தெட்டு மில்லிசெகண்ட்.
போன வருஷம் நூற்று அறுபத்தொன்று.
இமைப்பொழுதில் பத்தில் ஒரு பங்கு.
அந்த இடுக்கில் விழுந்துவிட்டேன்.

பெல்கிரேடிலிருந்து வுகாஷின் வந்தான்.
பதினெட்டு வயது.
என் நாற்காலியின் உயரத்தைக்கூட மாற்றவில்லை.
என் ஒப்பந்தம் ஏப்ரல் வரை ஓடும்.
அதுவரை ஆடவும் கூடாது,
வேறு அணிக்குப் போகவும் கூடாது.
சம்பளம் வருகிறது.
புதுச் சட்டையும் வந்தது;
துவைக்கிற வேலையே இல்லை.

சற்று முன்தான் அவன் ஆடியதைப் பார்த்தேன்.
பிரேசில் நேரம், இங்கே விடியப்போகிறது.
நுழைந்தான், அழகாகச் செத்தான்,
ஆனால் வாயே திறக்கவில்லை.
திரைக்கு வெளியே, சமையலறை இருட்டில்,
நான் கத்தினேன்:
"இடப்பக்கம்! ஒருவன்!"

அதில்தான் இவள் விழித்தாளோ என்னவோ.

இப்போது கோட்டு, சாவிக்கொத்து,
வாசல் வரை ஆறு அடி.
ஆறாவதில் நின்றுவிட்டாள்.
படியில் சத்தமில்லை.
மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறேன்,
சரியாக அவள் காலுக்கு நேர் கீழே.

ட்ராமுக்கு நேரமாகிறது.