சாம்பல் மாதிரி

மூன்று கரண்டி போதும் என்றார்.
கரண்டி என்னுடையது. கண்ணாடிப் புட்டி நகராட்சியுடையது.
"மேலாக இருப்பது வேண்டாம் அம்மா,
அடியில் இருப்பதைக் கொடுங்கள்" என்றார் ரதோஷ்,
தொப்பியில் இன்னும் உருகாத பனியோடு.
அடியில் இருப்பதை யார் கொடுப்பார்கள்?
பாவசங்கீர்த்தனத்தில்கூட
நான் மேலாக இருப்பதைத்தான் சொல்கிறேன்.

பெஸ்கிட் மலையடியில் பனிரெண்டு பசு,
இரண்டு ஏக்கர் உருளைக்கிழங்கு, ஓர் அடுப்பு.
பச்சை ஓடு பதித்த உடம்பு,
ஒரு காலுக்கு அடியில் மடித்து வைத்த தகரம்.
பன்றிக்கு வேகும் கிழங்கும் எங்களுக்குக் கொதிக்கும் சூப்பும்
ஒரே தீயில்.
அது பாரபட்சம் பார்த்ததில்லை.

முதலில் இந்த வருடக் கடைசி என்றார்கள்.
பிறகு அடுத்த மே.
பிறகு தேர்தல் வந்தது, கெடு தள்ளிப்போனது.
பிறகு வகுப்பு எண் கேட்டார்கள்:
மூன்று என்றால் பொறுக்கலாம், ஐந்து என்றால் இருக்கலாம்.
எங்கள் அடுப்பின் தகட்டில் எண்ணே இல்லை,
ஒரு சேவல் மட்டும் உண்டு.
வலென்டி படிவத்தில் 'சேவல்' என்றே எழுதி அனுப்பினான்.
படிவம் திரும்பி வந்தது.

மருத்துவர் கேட்டார்: "புகைப்பீர்களா?"
"நான் இல்லை, என் அடுப்பு."
அவர் சிரிக்கவில்லை.
என் நெஞ்சின் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
எங்கள் பள்ளத்தாக்கின் ஜனவரி போல இருந்தது.

பள்ளிக்கூடச் சுவரில் ஒரு பெட்டி
காற்றுக்கு நிறம் சொல்கிறது.
சிவப்பு என்றால் பிள்ளைகளுக்கு மைதானம் கிடையாது.
கலினா நோட்டில் தீட்டி வைக்கிறாள்.
வெள்ளிக்கிழமைகள் எல்லாம் சிவப்பு.
வெள்ளிக்கிழமை நான் ரொட்டி சுடும் நாள்.
"தெருவே சுடும் நாள்தானே" என்றேன்.
அவள் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள்.
எங்கள் ஊர்வாய் தானாகவே மூடிக்கொண்டது.
எவர் வீட்டுப் புகை என்று எவரும் சொல்வதில்லை,
எல்லோர் கூரையிலும் ஒரு குழாய் இருக்கிறது.

மூன்று வாரத்தில் அறிக்கை.
ரப்பர் இல்லை. ஈயம் இல்லை. சாயம் பூசிய பலகை இல்லை.
'பூச்சுக் காகிதத்தின் சாம்பல், கணிசமான அளவு.'
ஐந்நூறு ஸ்லோட்டி.
எந்தக் காகிதம்? இரவு முழுக்க யோசித்தோம்.
வலென்டிதான் முதலில் சிரித்தான், கட்டில் அதிர.
அடுப்பை மாற்றுங்கள் என்று நகராட்சி அனுப்பிய கையேடுகள்!
வழுவழுப்பாக, நீல வானம் அச்சிட்டு,
பதினோரு பிரதி.
பற்றவைக்க அதைப்போல ஒன்று கிடையாது.

அபராதம் கட்டிய அதே வரிசையில் நின்று
மானியத்துக்கும் எழுதிக் கொடுத்தேன்.
பழையதை உடைத்ததற்குப் புகைப்படம் வேண்டுமாம்,
பக்கத்தில் வீட்டுக்காரர் நிற்க வேண்டுமாம்.
புதியதன் வயிறு நாற்பது சென்டிமீட்டர்.
என் தட்டு நாற்பத்திரண்டு.
தட்டை மாற்றலாம், அது பெரிய விஷயமில்லை.
மின்சாரம் போகும் இரவுகளைப் பற்றிக் கேட்டேன்.
அதற்கு ஒரு தொலைபேசி எண் கொடுத்தார்கள்.

இன்று வெள்ளி.
மாவு துணியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.
கலினா சிவப்புப் பென்சிலைச் சீவுகிறாள்.
ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுப் புகை
மேலே போக மனமில்லாமல்
கூரையைத் தடவிக்கொண்டு பள்ளிப் பக்கம் இறங்குகிறது.

கிழித்த தீக்குச்சியை ஊதி அணைத்தேன்.
கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு, மாவு புளித்துவிடுமே என்று,
இன்னொன்றைக் கிழித்தேன்.