கடலில் போனது: க

சனிக்கிழமை ஆளித்திட்டிலிருந்து
முதல் வத்தையில் ஐஸ் பெட்டி ஏறும்.
வத்தமாக இருந்தால் வத்தையும் வேண்டாம்,
பெட்டியைத் தலையில் வைத்து நடந்தே வந்துவிடலாம்,
திருக்கைக்குப் பயந்து
காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து.

அக்கரையில் குட்டியானை நிற்கும்.
தொண்டிச் சாலை, தேவகோட்டை, காரைக்குடி.
நாலு கட்டு வீடொன்று ஓட்டலாகியிருக்கிறது,
அங்கே பன்னிரண்டு கிலோ, பின்வாசல் வழியாக.
பழம்பொருள் கடை சிக்கந்தருக்கு ஒரு கிலோ,
கால் உடையாததாக.

சில்லறை தேடி அவர் உள்ளே போன நேரம்
பீங்கான் தட்டுகளுக்கு அடியில் கிடந்த பேரேட்டை இழுத்தேன்.
நண்டுக் கம்பெனியில் எடைக் கணக்கு என்னுடையது.
எவர் கணக்கைக் கண்டாலும் கை சும்மா இருக்காது.

உ
லாபம்
அட்சய வருஷம் மாசி மாதம்
மோல்மீன் தேக்கு நூற்று நாற்பது.
ஆளித்திட்டுக்குத் தெற்கே நங்கூரம்.
மிதக்கவிட்டு இழுத்த ஆள் முப்பத்திரண்டு,
அரிசி, கருவாடு, குடி தண்ணீர் எட்டுக் குடம்.
வண்டி மாடு: மயிலை, செவலை, கூழைக்கொம்பன்.
(மாட்டுக்கெல்லாம் பெயர் இருந்தது.)
கரையேறியது நூற்று முப்பத்தொன்பது.
கடலில் போனது: க.

அது கடலில் போகவில்லை.

எங்கள் துறையில் பாதி உடம்பு சேற்றுக்குள்ளே நிற்கிறது.
பெயர் ஓடிவந்தான்.
ஏன் அந்தப் பெயர் என்று ஊரில் எவரும் கேட்டதில்லை,
கேட்கக் கூடாது என்று எவரும் சொன்னதும் இல்லை.
"ஓடிவந்தான்ல கட்டுடா" என்றால் படகு நின்றுவிடும்.
ரேஷன் வந்த நாளும், கடலுக்குப் போகாதே என்ற நோட்டீசும்,
கோவில் வரி பாக்கிப் பட்டியலும்
அவன் மேல்தான் அறையப்படும். ஆணி போட இடமில்லை.
ரூபி கல்யாணமாகி வந்து இறங்கியபோது
சேலை அந்த ஆணி ஒன்றில் மாட்டிக் கிழிந்தது,
இன்றைக்கும் அதைச் சொல்லிச் சண்டை போடுகிறாள்.

அறுபத்து நாலு புயலில்
பதினொரு பேர் அவனோடு இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள்.
ஒன்பது பேர் விடிந்ததைப் பார்த்தார்கள்.

மற்ற நூற்று முப்பத்தொன்பதும்
எண்ணெய் பூசி மினுங்குகின்றன உள்கட்டுகளில்.
வெளிநாட்டுக்காரர்கள் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கிறார்கள்.
நான் தொட்டதில்லை, கையில் நண்டு வாடை.

மறுபடியும் அந்த வரிக்கு வந்தேன்.
பக்கம் முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி சீரான எழுத்து.
க-வுக்கு முன்னால் மட்டும் ஒரு மைச்சொட்டு,
மிளகு அளவு.
எண்ணத் தெரியாத கணக்கப்பிள்ளை இல்லை அவர்,
எட்டுக் குடம் தண்ணீரை விடாதவர்.
கரையில் நின்று பார்த்திருக்கிறார்:
இருட்டில் ஒரு மரம் மட்டும்
காற்றுக்கு எதிர்ப்பக்கமாகப் போவதை.

பேனா அங்கே நின்றிருக்கிறது.
எவ்வளவு நேரம் என்று சொட்டு சொல்கிறது.

எனக்கு அந்தச் சொட்டைத் தெரியும்.
தினமும் என் நோட்டில் ஒரு வரி உண்டு:
ஐஸ் கரைவு, அரைக் கிலோ.
கரையாத அந்த அரைக் கிலோ
சாயங்காலம் முந்தானைக்குள் போகும்,
எல்லை தாண்டியதாகப் பிடித்து
யாழ்ப்பாணத்தில் அடைத்துவைத்திருக்கும்
சிலுவைதாசனின் வீட்டுக்கு.
மூன்று பிள்ளைகள். மூத்தவன் நண்டை உடைக்கும் சத்தம்
தெருவுக்குக் கேட்கும்,
மெதுவாடா என்பாள் காணிக்கை.

"என்னம்மா, வேணுமா? மூவாயிரம். பேப்பர் நல்லா இருக்கு,
கண்ணாடி போட்டு மாட்ட வாங்குறாங்க."
வேண்டாம் என்றேன்.
அந்தப் பக்கம் மட்டும் உள்ளே போகும்படி மூடி
தட்டுகளுக்கு அடியில் தள்ளினேன்.
சில்லறையில் ஐந்து ரூபாய் குறைந்தது,
கேட்கவில்லை.

திரும்பும்போது வெள்ளம் ஏறியிருந்தது.
ஓடிவந்தானில் கயிற்றை வீசினேன்,
வழக்கம்போல் இரண்டு சுற்று.
கம்பெனிக் கொட்டகையில் டியூப்லைட் கண் சிமிட்டியது.
நோட்டை விரித்து, பேனாவை நிற்கவிடாமல்
எழுதினேன்:

ஐஸ் கரைவு, முக்கால் கிலோ.