கையிருப்பு: முக்கால் பாட்டில்

ஸ்டாக் ரிஜிஸ்டரில் நாற்பத்தோராம் வரி:
ஃபினோ ஷெர்ரி, ஸ்பெயின். முக்கால் பாட்டில்.
ஒன்பது வருடமாக என் கையெழுத்தில்
அந்த முக்கால் முக்காலாகவே நிற்கிறது.

வாங்கியது பிலாருக்காக.
கப்பலூர் மோர்க் கம்பெனிக்கு
பாட்டில் அடைக்கும் மிஷின் பூட்ட வந்தவள்,
அறை எண் இருநூற்று ஏழு.
ஹெரெஸ் என்று ஊர் பெயர் சொன்னாள்.
அந்த 'ஹ'வைத் தொண்டையிலிருந்து காறி எடுக்க
இருளப்பனுக்கு மட்டும்தான் வந்தது.

ஐஸ் வாளியில் கழுத்துவரை முக்கி
சின்னக் கிளாஸில் ஊற்றினோம்.
வைக்கோல் ஊறிய தண்ணீர் நிறம்.
தொட்டுக்கொள்ள வறுத்த பாதாம் கேட்டாள்,
முந்திரிதான் இருந்தது.

இந்நேரம் செவில்லில் திருவிழா என்றாள்.
மைதானம் முழுக்கத் துணிப்பந்தல்,
பந்தலுக்குப் பந்தல் இதே மது,
புள்ளிப் புள்ளிப் பாவாடைகள், குதிரைகள்.
"குதிரை எங்களுக்கும் உண்டு,
தங்கத்தில்" என்றான் இருளப்பன்.
மண்டகப்படியில் பானகம் வாங்கிக் கொடுத்தோம்.
சுக்கு ஏறி இருமினாள், இன்னொன்று கேட்டாள்.

பீப்பாய்க்குள் மதுவின்மேல்
வெள்ளையாய் ஏடு படருமாம்.
அவர்கள் பாஷையில் அதற்குப் பெயரே பூ.
எங்கள் வீட்டில் ஊறுகாய் பூத்தால்
கொட்டிவிட்டு ஜாடியை வெயிலில் கவிழ்ப்போம்.
அங்கே பூத்தால்தான் மது.
காற்றுக்குக் காவல் பூ.
பாட்டிலைத் திறந்துவிட்டால் ஒரு வாரம்,
அப்புறம் செத்துவிடும் என்றாள்.

கீழ்ப்பீப்பாயில் எடுத்ததை
மேல்பீப்பாயிலிருந்து நிரப்புவார்கள்,
அதற்கு அதன் மேலிருப்பதிலிருந்து.
எதுவும் எப்போதும் காலியாவதில்லை.
"என் பூட்டன் ஊற்றியதில் ஒரு சொட்டாவது
இதில் இருக்கும்."
அப்படியும் குறைகிறதே, அது?
தேவதூதர்கள் பங்கு என்று சிரித்தாள்.

கலால் ஆள் வருவார், ஸ்கேல் வைத்து அளப்பார்.
ஒருமுறை அரை விரற்கடை குறைந்திருந்தது.
"ஆவி கொண்டுபோய்விட்டது" என்று எழுதிக் கொடுத்தேன்.
"யாருடைய ஆவி?" என்றார்.

மாதம் ஒரு மூடி இருளப்பன்,
ஆடிட் முடிந்த இரவில் அரை மூடி நான்.
குறைந்த அளவுக்கு
ரிசப்ஷன் பார்ட்டிகளில் மிஞ்சும்
கம்பத்துத் திராட்சை ஒயின்,
நிறத்துக்கு இரண்டு சொட்டு டீ டிகாஷன்.
செத்ததா, இருக்கிறதா
என்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

இப்போது கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமாம்.
பழையதைச் சாட்சி வைத்துக் கொட்டச் சொன்னார் மேனேஜர்.
அணையில் திறந்துவிட்ட தண்ணீரில்
அழகர் இறங்கிய மறுநாள்,
பாரில் ஈ காக்கை இல்லை.
நாற்பத்தோராம் வரியைச் சிவப்பில் அடித்தேன்,
கீழே இரண்டு கையெழுத்து.

கழுவுதொட்டியில் சாய்க்கும்முன்
இருளப்பன் ஒரு மூடி மட்டும் எடுத்து
ஓரமாய் வைத்தான், சிந்தாமல்.
எதில் ஊற்றப்போகிறாய் என்று
நான் கேட்கவில்லை.