நூற்று எழுபத்திரண்டு தசம் எட்டு

மருதானையில் வாடகைக்கு எடுத்த கமரா
அரை இறாத்தல் பாணை விடச் சின்னது.
தூக்கிப் பார்த்த பிலோமி
"இதுதானா சினிமா?" என்றாள்.
இதுதான்.
நாற்பது நிமிடத்துக்கு ஒரு பற்றறி தின்னும் சினிமா.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை,
நான்காம் மாடி, லிஃப்ற் பழுது.
வீட்டுக்காரர் குகதாசன்
சாவியைத் தந்துவிட்டுப் போவதாகத்தான் பேச்சு.
போகவில்லை.
குசினி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதலில் ரியூப் லைற் வம்பு பண்ணியது.
கண்ணுக்குத் தெரியாது. திரையில் மட்டும்
கறுப்புப் பட்டிகள் மெல்ல மேலே ஊரும்.
ஷட்டர் கோணம் நூற்றெண்பது என்பார்கள் படித்தவர்கள்.
இந்த ஊர் மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுற்று.
நூற்று எழுபத்திரண்டு தசம் எட்டில் வைத்தேன்,
பட்டிகள் நின்றன.
ஏழு பாகையும் சொச்சமும் விட்டுக்கொடுத்தால்
ஊரோடு ஒத்துப்போகலாம்.

யன்னலுக்கு அப்பால் பகல் இரண்டு மணிக் கடல்.
இப்பால் பிலோமியின் முகம்.
நடுவில் ஏழு ஸ்டொப்.
அஃப்ராஸுக்குக் கடலும் வேண்டும், முகமும் வேண்டும்.
இயக்குநர்கள் இறைச்சிக் கடையில் நிற்பது போலத்தான் பேசுவார்கள்:
எலும்பு வேண்டாம், ஆனால் எலும்பின் ருசி வேண்டும்.

மனிதத் தோல் எழுபதில் நிற்கவேண்டும் என்கிறது கையேடு.
எந்த மனிதர் என்று
அது சொல்லவில்லை.
எழுபதுக்கு ஏற்றினேன்,
பிலோமி பிட்டுக்கு மாக் குழைத்த கையோடு
முகத்தைத் துடைத்தவள் மாதிரி இருந்தாள்.
நாற்பத்தைந்துக்கு இறக்கினேன்.
அங்கே இருந்தாள்.

கடலைக் காப்பாற்றக் கண்ணாடியின் முன்
ஒரு கறுப்பு வடிகட்டி செருகினேன்.
வெளிச்சத்தில் எரிந்தது போனது போனதுதான்,
இருட்டில் விழுந்ததையாவது கிண்டி எடுக்கலாம்.

தொலைபேசியில் அவள் சொல்லவேண்டியது இவ்வளவே:
"இல்லை, இனி நான் வரமாட்டன்.
அந்த அறையை ஆருக்கும் குடுங்கோ."
பதினொரு முறை சொன்னாள்.
நாலு முறை கரையோர ரயில் கெடுத்தது,
ஒரு முறை மீன்காரனின் ஹோர்ன்.
பன்னிரண்டாவதற்கு முகில் வந்து கடலை மூடியது.
வடிகட்டியை எடுக்க மறந்தேன்.
நானூறிலிருந்து மூவாயிரத்து இருநூறுக்குத் தாவியிருக்கலாம்,
அதையும் மறந்தேன்.
கடைசிப் பற்றறி சிவப்பில் துடித்துக்கொண்டிருந்தது.
"இதுதான் ரேக்," என்றான் அஃப்ராஸ்,
திரையைப் பாராமல், அவளைப் பார்த்து.

இரவு கொட்டாஞ்சேனை அறையில் கோப்பைத் திறந்தால்
இருட்டு.
இரண்டு ஸ்டொப் தூக்கினேன்.
வறுத்த ரவையைக் கொட்டியது போல் எங்கும் புள்ளி.
இன்னும் கொஞ்சம்.
அவளுக்குப் பின்னால், கறுப்பு மட்டுமே இருந்த மூலையில்
ஒரு சேட்டுப் பொத்தான்.
பிறகு கட்டிய கை.
பிறகு வாய்.
குகதாசன்.

வாய் அசைந்தது.
வசனத்தைத்தான் சொல்கிறார், சொல்லுக்குச் சொல்.
"பதினொரு தரம் கேட்டால் பூனைக்கும் பாடமாகும்," என்றான் அஃப்ராஸ்.
சரிதான்.
ஆனால் அவர் அவளுக்குப் பின்னால் வரவில்லை,
அரை நொடி முன்னால் போகிறார்.
பிறகு 'அந்த அறையை' என்ற இடத்தில்
உதடுகள் ஒட்டிப் பிரிந்தன.
'அறை' என்றால் உதடு ஒட்டாது.
பகரமோ, மகரமோ.
பிரேம் பிரேமாக நகர்த்திப் பார்த்தேன்.
அதற்குமேல் ரவைதான்.

"அமுக்கு," என்றான்.
கறுப்பை மூன்று புள்ளி அமுக்கினேன்.
முதலில் வாய் போனது, பிறகு கை.
பொத்தான் மட்டும் அடம்பிடித்தது.
இன்னும் ஒரு புள்ளி.

பம்பலப்பிட்டியில் படம் போட்ட அன்று
ஆரோ ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி
"கறுப்பெல்லாம் என்ன அடர்த்தி!" என்றார்.
குகதாசனும் வந்திருந்தார், இஸ்திரி போட்ட அதே சேட்டில்.
வெளியே வந்து செருப்பைத் தேடுபவர் போலக் குனிந்து நின்றுவிட்டு
"யன்னல் சீலை வடிவா வந்திருக்கு, தம்பி," என்றார்.