நான்காம் கேஸ்

இரவு எட்டரை. ஹட்டனில் மழை விட்ட பனி.
சிக்னலுக்காகத் தண்ணீர்த் தாங்கியடியில் நிற்கிறேன்.
திரையில் நான்கு முகங்கள், நடுவே நோயாளி:
பெண், ஐம்பத்திரண்டு, சர்க்கரை, குதிகாலில் ஆறாத புண்.
பெயர் இல்லை.

தினுக மருந்தெழுதினான்.
ஸஹ்லா அளவைக் குறைத்தாள், சிறுநீரகம் தாங்காதென்று.
பிசியோ படிக்கும் லோஜினி சொன்னாள்:
மூன்று கிழமைக்குக் கால் ஊன்றக் கூடாது.

மைக்கைத் திறந்தேன்.
"ஊன்றாமல் எந்த மலையில் கொழுந்தெடுப்பது?
கிளினிக் செவ்வாய்க்கிழமை. போனால் அரைப்பேர்."

சத்தமே இல்லை.
லைன் அறுந்ததோ என்று போனை உயர்த்திப் பிடித்தேன்.

"அரைப்பேர்... என்றால்?"
தினுக, தட்டுத்தடுமாறிய தமிழில்.

சொன்னேன்.
அவன் முதல் வரியை அழிப்பது தெரிந்தது,
ஒவ்வோர் எழுத்தாக.
"அங்கே இதைப் போடு," என்றான். "நீயே எழுது."

எழுதி முடித்துத்தான் குனிந்தேன்:
கணுக்காலில் அட்டை, குடித்துப் பருத்து.