கடல் மட்டத்துக்கு நான்கு மீட்டர் கீழே

எந்தத் தேதியில் மீட்கப்பட்டீர்கள் என்று
ஆலய வாசலில் கேட்டார் புதிய டீக்கன்,
ஒரு கையில் காப்பி, மறு கையில் படிவம்.
தேதி இருந்தது. சொன்னேன்.
பத்தொன்பது வயது, ஒரு நவம்பர், செவ்வாய்,
கூடாரத்தில் டீசல் அடுப்பின் வாடை,
மூக்கு ஒழுக அழுதேன்.
எழுதிக்கொண்டார்.
சைக்கிளில் திரும்பும் வழியில் உறைத்தது:
எங்கள் வயலுக்கும் அப்படியொரு தேதி உண்டு.

ஆண்டவரே, உமக்குத் தெரியும், இது ஃபிளேவோலாந்து.
என் அப்பா சிறுவனாயிருந்தபோது
நான் உழுகிற இடத்தில் விலாங்கு பிடித்தார்கள்.
கரையின் கடைசி வாயைக் களிமண் இட்டு அடைத்த அன்று
கொடி ஏற்றினார்களாம், பித்தளை வாத்தியம் முழங்கிற்றாம்,
தொப்பி கழற்றிய கனவான்கள் நட்டார்களாம் ஒரு பலகை:
மீட்கப்பட்ட நிலம்.
பலகைக்குப் பின்னால்
ஆள் முங்கும் ஆழத்தில் தண்ணீர் அலையடித்தது.

பலகை பொய் சொல்லவில்லை.
இது எனக்குப் பிடிபட
நாற்பது வருடம் ஆயிற்று.

அதற்குப் பிறகு பம்புகள், இரவும் பகலும்.
அதற்குப் பிறகு சேறு,
நாயைக்கூடத் தாங்காத சேறு.
விமானத்திலிருந்து நாணல் விதை தூவினார்கள்.
நாணலை யாரும் தின்பதில்லை.
அது தண்ணீரைக் குடித்தது, மண் வெடித்தது,
வெடிப்பு வழியே காற்று இறங்கிற்று.
பிறகு கொளுத்திவிட்டார்கள்.

எனக்கும் நாணல் வருடங்கள் இருந்தன.
விளைச்சல் என்று காட்ட ஒன்றுமில்லாத ஜெபங்கள்,
சமையலறை மேசையில் தலை சாய்த்துத் தூங்கிப்போனவை.
அவற்றை நீர் எண்ணினீரா, தெரியாது.
வேர்கள் போயிருக்கின்றன.

சென்ற அக்டோபரில்,
உருளைக்கிழங்கு எடுத்த மண்ணை உழும்போது
கலப்பை எதிலோ இடித்து நின்றது.
ஓக் மரம். கருத்து, ஈரமாய், விலா எலும்புபோல் வளைந்து.
கப்பல்.
பார்க்க வந்த அலுவலகப் பெண் முட்டிபோட்டுத் தடவினாள்.
இத்தனை நாள் இல்லாமல் இப்போது ஏன் மேலே வந்தது என்றேன்.
மேலே வரவில்லை, மேடம்,
காயக் காய உங்கள் மண் இறங்குகிறது, என்றாள்.

அந்த வாரம் முழுதும் எனக்குத் தூக்கமில்லை.
ஹெர்லோஃப்.
சாகக் கிடந்த அம்மாவின் விரல்களுக்குள் பேனாவைச் செருகி,
அவள் கைமேல் என் கையை வைத்து
நான் போட்ட கையெழுத்து.
தம்பியின் பங்கு, பதினோரு ஹெக்டேர்.
முப்பத்தொரு வருடம் அதன்மேல் கோதுமை விளைந்தது.
நல்ல கோதுமை.
அறுப்புப் பண்டிகைக்குக் கதிர்க்கட்டு
அங்கிருந்துதான் கொண்டுபோனேன்.

பத்திரத்தை எடுத்துக்கொண்டு காம்பன் நகருக்குப் போனேன்.
கதவு ஒரு சாண் திறந்தது.
இப்போதா, என்றான்.
நாய் ஓயாமல் குரைத்தது.
காகிதத்தை வாங்கினான், கதவை மூடினான்.
மழையில் பஸ் நிறுத்தத்தில் நின்றபடி
இதோடு முடிந்தது என்று நினைத்தேன், உமக்கும் சொன்னேன்.
அடுத்த மாதமும் போனேன், யார் அனுப்பியோ.
அடுத்த மாதமும்.
மார்ச்சில் நாய் குரைப்பதை நிறுத்தியிருந்தது.
ஹெர்லோஃப் இன்னும் உட்காரச் சொல்லவில்லை.

என் கணவர் சீட்ஸ பம்ப் நிலையத்தில் இரவுப் பணி.
ஒருநாள் கேட்டேன், நிலம் எப்போதோ காய்ந்துவிட்டதே,
இன்னும் எதற்கு ஓடவேண்டும்?
ரொட்டியை மென்றபடி என்னைப் பார்த்தார்,
கிறுக்கியைப் பார்ப்பதுபோல்.
கடல் எங்கே போய்விட்டது என்று நினைக்கிறாய், என்றார்.

பம்ப் என்னுடையதல்ல.
நான் கட்டியதில்லை, என்னால் கட்டவும் முடியாது.
காற்று ஓய்ந்த இரவுகளில் படுக்கையில் கேட்கும்
அதன் தாழ்ந்த முனகல்,
நான் தூங்கினாலும் தூங்காத ஒன்றின் மூச்சு.
என் எல்லைக்குள் ஓடும் வாய்க்காலில்
பாசி அரிப்பது மட்டும் என் வேலை.
நான் அரிக்காத இடத்தில்
அதன் இழுப்பு வந்து சேர்வதில்லை.

ஞாயிறன்று டீக்கனிடம் சொன்னேன்:
அந்தத் தேதியை அடிக்கவேண்டாம்,
பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டுவையுங்கள்.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை என்றார், பாவம்.

இன்று வியாழன். விடியலிலிருந்து மழை.
வடக்கு வாய்க்கால் மறுபடி பச்சை பிடித்திருக்கிறது.
ரப்பர் பூட்ஸ் எங்கே வைத்தேன்?